பூட்டன் காலத்துத் துப்பாக்கிக்கு ஒரு நகல் செய்வது எப்படி

என் மனைவியின் குடும்பம் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து லங்காஸ்டர் வட்டாரத்தைச் சேர்ந்தது. பல தலைமுறைக்கு முன் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நீளமான வேட்டைத் துப்பாக்கி ஒன்று அந்த வீட்டில் வழிவழியாக வந்திருக்கிறது. இந்தத் தலைமுறையில் வாரிசுகள் நான்கு பேர், துப்பாக்கியோ ஒன்று. அசல் மூத்த மச்சானிடம் இருக்கட்டும், மற்றவர்களுக்கு நகல் செய்து தருகிறேன் என்று நான் பொறுப்பேற்றேன். நாகர்கோவிலில் என் மாமாவின் மரப்பட்டறையில் வளர்ந்ததால் உளியும் இழைப்புளியும் எனக்குப் பழக்கம். இரும்பு வேலையை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். இதே மாதிரி ஒரு வேலையை யாராவது எடுத்துச் செய்ய நினைத்தால் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் செய்தது சுட முடியாத நகல். குழல் முழுக்க முழுக்கத் திடமான இரும்பு. வாயில் மட்டும் பார்வைக்காக ஓர் அங்குல ஆழத்துக்குத் துளை. சுவரில் மாட்டுவதற்கும், பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்ப்பதற்கும் இதுதான் சரி. சுடக்கூடியது வேண்டுமென்றால் குழலையும் அதன் அடிமூடியையும் அந்தத் தொழிலில் ஊறியவரிடம்தான் வாங்க வேண்டும். அது வேறு வேலை, இந்தக் கட்டுரையில் அது இல்லை.

அசலைத் தொடுவதற்கு முன்

பழைய துப்பாக்கியில் மருந்து கெட்டித்தபடியே மாட்டி வைத்திருப்பது அபூர்வமான விஷயமில்லை. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருஷம் கழித்தும் வெடிக்கும். அதனால் அளவு எடுக்கிற ஆசையில் உடனே கையில் தூக்கிவிடாதீர்கள். குதிரையை, அதாவது விசையை இழுத்தால் வந்து அடிக்கும் சுத்தியலை, பின்னால் இழுத்துப் பார்க்கிற விளையாட்டும் வேண்டாம். குழல் வாய் யார் பக்கமும் திரும்பாதபடி மேசைமேல் கிடத்திவிட்டு, நீங்களும் வாய்க்கு நேரே நிற்காமல், ஒரு மெல்லிய மரக்குச்சியை உள்ளே மெதுவாக விடுங்கள். எங்கே முட்டுகிறதோ அங்கே வாயோரத்தில் பென்சிலால் குறியிட்டு, குச்சியை வெளியே எடுத்துக் குழலின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி, கேப் (அடித்தால் பொறி தரும் சிறு உலோகக் குப்பி) மாட்டும் முலை, அதாவது குழலின் அடிப்பக்கத்தில் நிற்கும் சிறு குமிழ், இருக்கிற இடம் வரை வந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. அது வெறும் துருவாகவும் இருக்கலாம், குருவிக்கூட்டு வைக்கோலாகவும் இருக்கலாம். ஆனால் குண்டும் மருந்தும் இருப்பதாகவே வைத்துக்கொண்டு, மேற்கொண்டு தொடாமல், இந்த வகைத் துப்பாக்கியைக் கையாளத் தெரிந்த துப்பாக்கிக் கொல்லரிடம் ஒப்படையுங்கள். நாமே கம்பி விட்டுக் குத்தி எடுக்கக் கூடாது.

அப்புறம், பித்தளையை மினுக்காதீர்கள். கறுத்துப்போன அந்த மேல்பூச்சு உருவாக நூற்றைம்பது இருநூறு வருஷம் ஆகியிருக்கும். பாலிஷ் போட்டால் பத்து நிமிஷத்தில் போய்விடும், திரும்ப வராது. சேகரிப்பாளர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். திருகாணிகளையும் விட்டுவிடுங்கள். இறுகிப்போன ஆணியில் திருப்புளியை வைத்து அழுத்தினால் தலையிலுள்ள வரி நசுங்கும், பக்கத்து மரம் பெயரும். எங்கள் துப்பாக்கியில் லாக்கை, அதாவது குதிரையும் அதை இயக்கும் பொறியும் பொருந்திய பக்கத்தகட்டை, கழற்றவே இல்லை. வெளியே தெரிகிற அளவே நகலுக்குப் போதும். நகல் செய்வதன் பெரிய பலனே இதுதான்: இனி யார் கேட்டாலும் நகலை எடுத்துக் கையில் கொடுக்கலாம், அசலை நிம்மதியாக விட்டுவிடலாம்.

கையில் இருப்பது என்னவென்று தெரிந்துகொள்வது

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்த கொல்லர்கள் தங்கள் ஊர் யேகர் துப்பாக்கியைத்தான் இங்கேயும் செய்தார்கள். குட்டைக் குழல், பெரிய வாய். இந்த ஊர்க் காடுகளில் பல நாள் அலைகிறவனுக்கு ஈயமும் மருந்தும் மிச்சமாக வேண்டும். அதனால் வாய் சிறுத்தது, குழல் நீண்டது. 42 அங்குலம், 44 அங்குலம் என்று குழல் வளர்ந்து, அதைத் தாங்கும் மரக்கட்டை மெலிந்து, பென்சில்வேனியா நீள்துப்பாக்கி உருவானது. கென்டக்கி துப்பாக்கி என்று பரவலாகச் சொல்வதும் இதையேதான். லங்காஸ்டர், ரெடிங், யார்க், பெட்ஃபோர்ட், லீஹை பள்ளத்தாக்கு என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு கைவண்ணம் உண்டு. லீஹைக்காரர்கள் செய்ததில் கட்டையின் மேல்கோடு வளைந்து இறங்கும். லங்காஸ்டர் துப்பாக்கியில் மேல்கோடு, கீழ்க்கோடு இரண்டுமே நேர்கோடு. பக்கவாட்டில் பார்த்தால் பின்கட்டை ஒரு முக்கோணம். சுடுபவரின் கன்னம் படும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம், பின்கட்டையில் பதித்திருக்கும் மூடியுள்ள பித்தளைப் பெட்டியின் முனையில் டெய்சிப் பூ இருந்தால் பெரும்பாலும் லங்காஸ்டர் பக்கம்தான். 1740-ல் ஜெர்மனியில் பிறந்து லங்காஸ்டரில் பட்டறை வைத்திருந்த ஜேக்கப் டிக்கர்ட் இந்த பாணிக்குப் பேர்போனவர்.

உங்கள் துப்பாக்கி எந்த வட்டாரம் என்று தெரியாமல் மரத்தில் கை வைக்க வேண்டாம். தேய்ந்துபோன இடங்களில் மூலக்கோடு எப்படி ஓடியது என்று ஊகிக்க அந்த அறிவுதான் உதவும். நான் லங்காஸ்டரிலேயே உள்ள லாண்டிஸ் வேலி அருங்காட்சியகத்துக்கும், நாசரெத் ஊருக்கு அருகில் ஹென்றி குடும்பத்தார் துப்பாக்கி செய்த இடத்தில் இருக்கும் பென்சில்வேனியா நீள்துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கும் நோட்டும் பென்சிலுமாகப் போய் நின்று பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தாலே கோடுகள் மனதில் பதியும்.

எங்களுடையது கல் உரசிப் பொறி பறக்கும் வகையாகப் பிறந்து, பின்னால் கேப் வைத்து அடிக்கிற வகையாக மாற்றப்பட்டது. லாக் தகட்டில் அடைக்கப்பட்ட பழைய ஆணித்துளைகளும், கல்லின் பொறி விழும் மருந்துத் தட்டு இருந்த இடத்துப் பள்ளமும் அதைக் காட்டிக்கொடுக்கும். 1820-களிலிருந்து இப்படி ஏராளமான துப்பாக்கிகளை மாற்றினார்கள். நகலை முதல் உருவத்தில் செய்வதா, மாற்றிய உருவத்தில் செய்வதா? நண்பர்கள் பலர் கல் வகையாகவே செய், அதுதான் அழகு என்றார்கள். நான் கேப் வகையாகத்தான் செய்தேன். இந்தக் குடும்பத்தில் இன்று உயிரோடு இருக்கும் யாரும் அதை வேறு மாதிரி பார்த்ததில்லை.

இன்னொரு கேள்வி கைப்பிடி. கட்டை மெலிந்து விரல்கள் சுற்றிப் பிடிக்கிற அந்த இடம்தான் நீள்துப்பாக்கியின் பலவீனமான இடம். அசலில் அது என்றோ முறிந்து, மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுற்றிச் சிறு ஆணிகளால் அடித்து ஒட்டுப்போட்டிருக்கிறது. ஆணிகள் ஒரே சீரான இடைவெளியில் இல்லை. கீழ்ப்பக்கம் நெருக்கமாகவும் மேலே வரவர அகன்றும் போகின்றன. ஓர் ஆணி சாய்ந்து உள்ளே போயிருக்கிறது. யாரோ விவசாயி தன் களத்திலேயே உட்கார்ந்து செய்த வேலை. இதை விட்டுவிடலாமா என்று வாரிசுகளைக் கேட்டேன். அந்தத் தகடு இல்லாவிட்டால் அது எங்கள் துப்பாக்கியே இல்லை என்று என் மனைவி சொல்லிவிட்டாள். அதனால் கைப்பிடியை முழுதாகச் செதுக்கி முடித்து, அதன் மேல் தகட்டைச் சுற்றினேன். ஆணிகளின் இடங்களைத் தடம் எடுத்த தாளிலிருந்து அப்படியே இறக்கினேன், சாய்ந்த ஆணி உட்பட. ஆனால் மற்ற தேய்மானங்களை நகலில் கொண்டுவரவில்லை. செதுக்கு வேலை கூர்மையாக, புதிதாகவே இருக்கட்டும். அவர்கள் கைபட்டுத் தேயட்டும். செயற்கையாக அடித்து, சொறிந்து பழசாக்குவது எனக்கு உடன்பாடில்லை.

அளவு எடுத்தல்

பிளாஸ்டிக் வாயுள்ள காலிப்பர், துணி நாடா, விளிம்பின் வடிவைப் பிடிக்கும் ஊசிச்சீப்பு, மெல்லிய தாள், மென்பென்சில் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரல் வியர்வை இரும்பில் ரேகையாகத் துருவாகும். பழுப்புத்தாள் சுருளை மேசையில் விரித்து, முழு அளவில் பக்கத் தோற்றம் ஒன்று, மேல் தோற்றம் ஒன்று வரையுங்கள். குழல் வாயிலிருந்து தொடங்கி இரண்டு அங்குலத்துக்கு ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் உயரம், அகலம், சுற்றளவு மூன்றையும் எழுதுங்கள். கைப்பிடிப் பகுதியில் மட்டும் அரை அங்குலத்துக்கு ஒன்று.

குழலைக் கவனமாக அளக்க வேண்டும். பல அசல் குழல்கள் ஒரே பருமனில் இருக்காது. அடியில் தடித்து, நடுவில் மெலிந்து, வாயருகே மீண்டும் லேசாக விரியும். அந்த விரிவு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, காலிப்பருக்குத் தெரியும். எங்களுடையது அப்படி இல்லை, அடியில் 1 அங்குலம், வாயில் 13/16 அங்குலம் என்று நேராகச் சரிகிறது.

செதுக்கு வேலைக்கும் பித்தளைப் பெட்டிக்கும் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தால் படி விழும். சிலிக்கான் அச்சு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பழைய பூச்சு அதோடு பிய்ந்து வரும். செதுக்கலின் ஆழத்தைப் பார்க்கத் தேயாத மூலையைத் தேடுங்கள். பின்கட்டையில் கன்னம் பதியும் மேட்டின் கீழ்விளிம்பை ஒட்டிய பள்ளத்தில் துணியோ கையோ போயிருக்காது. அங்கே உளி விட்ட கோடு இன்னும் நிற்கும். அசல் செதுக்கு எவ்வளவு தட்டையானது என்பது அங்கேதான் எனக்குப் புரிந்தது. பூவும் சுருளும் மரத்திலிருந்து 1/32 அங்குலம் அளவுக்குத்தான் எழும்பி நிற்கின்றன.

மரம்

வரி மேப்பிள்தான். புலித்தோல் மாதிரி குறுக்கே வரி ஓடும் பலகை. 60 அங்குலத்துக்குக் குறையாத நீளம், கட்டையின் மிகத் தடித்த இடத்துக்கு ஏற்ற கனம். எனக்கு இரண்டேகால் அங்குலம் தேவைப்பட்டது. பலகை வாங்கப் போகும்போது உங்கள் பக்கத் தோற்றத்தை மெல்லிய அட்டையில் வெட்டிக் கையோடு கொண்டுபோங்கள். வரியின் அழகைப் பார்ப்பதற்கு முன் நார் ஓடும் திசையைப் பாருங்கள். நார் கைப்பிடியின் சரிவோடு சேர்ந்து ஓட வேண்டும். குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் உங்கள் நகலுக்கும் ஒரு நாள் பித்தளைத் தகடு தேவைப்படும். அழகான வரி, தப்பான நார் என்றால் அந்தப் பலகையைக் கீழே வைத்துவிடுங்கள்.

குழல்

1 அங்குலச் சதுர மென்னிரும்புக் கம்பி வாங்கி, உள்ளூர் இயந்திரப் பட்டறையில் கொடுத்து எண்கோணமாகச் சரிவோடு கடைந்து வாங்கினேன். அரத்தாலேயே செய்வதென்றால், அடிப்பக்கம் ஒவ்வொரு மூலையிலிருந்தும் 0.293 அங்குலம் தள்ளிக் கோடு போட்டு மூலைகளை ராவ வேண்டும். வாய்ப்பக்கம் போகப்போக இந்த அளவும் அதே விகிதத்தில் குறையும். எப்படியானாலும் கடைசியில் அரத்தை இரு கையாலும் குறுக்கே பிடித்து நீளவாக்கில் இழுத்து இயந்திரத் தடத்தை எடுத்துவிடுங்கள். பழைய குழல்களின் முகங்கள் கண்ணாடித் தட்டையாக இருக்காது. அந்த மெல்லிய அலை கையரத்தில்தான் வரும்.

திட இரும்பு என்பதால் எடை கூடும். 42 அங்குல நீளத்துக்கு என் கணக்கில் எட்டு பவுண்டு சொச்சம் வந்தது. துளையுள்ள அசல் அதைவிட ஏறக்குறைய இரண்டு பவுண்டு குறைவாக இருக்கும். மாட்டும்போது இதை நினைவில் வையுங்கள். முலை பொருந்தும் உருளையைத் துளையில்லாமல் வெறும் இரும்பாகவே வையுங்கள். முலையிலும் துளை வேண்டாம்.

நிறம் கறுப்பில்லை, பழுப்பு. எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, பழுப்பாக்கும் திரவத்தைத் தடவி, ஈரமான இடத்தில் விட்டால் மெல்லிய துரு பூக்கும். சாக்குத்துணியால் உரசிவிட்டு மறுபடி தடவுங்கள். வேண்டிய நிறம் வந்ததும் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் கழுவி, உடனே எண்ணெய் பூச வேண்டும்.

பதித்தல்

வரிசை முக்கியம். குழல் முதலில், பிறகு கெட்டிக்கும் கோலுக்கான வழி, பிறகு லாக், விசை, கட்டையின் பின்முனையை மூடும் பின்தகடு, கடைசியாக விசைக்காப்பு. லாக் எங்கே உட்கார வேண்டும் என்று குழலிலுள்ள உருளைதான் சொல்லும். விசை எங்கே என்று லாக் சொல்லும்.

குழல் பள்ளத்தைத் தோண்ட விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துக் குழலின் அடியில் மெல்லியதாகப் பூசுங்கள். மரத்தில் வைத்து அழுத்தி எடுத்தால் முட்டுகிற இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டும். அந்தக் கறுப்பை மட்டும் செதுக்கி எடுங்கள். மறுபடி பூசுங்கள், அழுத்துங்கள், செதுக்குங்கள். அவசரப்பட்டுக் கறுப்பு ஒட்டாத இடத்தையும் எடுத்தால் இடைவெளி விழும், அதை அடைக்க நல்ல வழி எதுவும் கிடையாது. குழலின் பக்க முகங்களில் பாதி உயரம் வரை மரம் வர வேண்டும். எங்கள் மாமா பட்டறையில் கொட்டாப்புளியை ஓங்கி அடித்தால் திட்டு விழும், உள்ளங்கையால் தள்ளு என்பார். இந்த வேலையில் பெரும்பகுதி உள்ளங்கையால்தான் நடக்கும்.

கோலுக்கு முன்பாதி திறந்த பள்ளம், பின்பாதி மரத்துக்குள் துளை. சுடும் துப்பாக்கியில் அந்தத் துளை அடிவரை போகும். அதற்கு நான்கடி நீளத் துளைக்கம்பி தேவை, அது வழிமாறிப் பக்கத்தில் எட்டிப்பார்க்கவும் செய்யும். காட்சி நகலுக்கு, கோல் மரத்துக்குள் நுழையும் இடத்தில் அதைப் பிடிக்கும் பின்வளையத்தைத் தாண்டி ஆறு அங்குலம் போதும். குழல் பள்ளத்துக்கும் இந்தத் துளைக்கும் நடுவே 1/8 அங்குல மரம் நிற்கட்டும்.

குழலை மரத்தோடு பிணைப்பது குறுக்கே போகும் மெல்லிய இரும்பூசிகள். குழலின் அடியில் பொருத்திய சிறு காதுகளுக்குள் அவை நுழையும். அந்தக் காதுகளிலுள்ள துளையை நீளவாக்கில் கொஞ்சம் அகட்டிவிடுங்கள். மரமும் இரும்பும் குளிருக்கும் வெயிலுக்கும் ஒரே அளவில் அசைவதில்லை.

லாக் தகடு, குதிரை, விசைக்காப்பு, பின்தகடு ஆகியவற்றின் வார்ப்புகள் இந்த ஊரில் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். உங்கள் வரைபடத்துக்கு நெருக்கமானதை வாங்கி, ராவிச் சரிசெய்துகொள்ளுங்கள். பித்தளைப் பெட்டியை மட்டும் தகட்டிலிருந்து நீங்களே வெட்டுங்கள். கடையில் கிடைக்கும் டெய்சிப் பூ உங்கள் துப்பாக்கியின் பூவாக இருக்காது. எங்களுடையதில் இதழ்கள் ஒரே அளவில் இல்லை, இடப்பக்கத்து இதழ் கொஞ்சம் குட்டை. அதை அப்படியே அறுத்தேன்.

மரத்தைக் குறைத்தல்

கடையில் விற்கும் நகலையும் அசலையும் பக்கத்தில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது மரத்தின் கனம்தான். அசலில் குழலின் இருபுறமும் நிற்கும் மரம் வாயருகே 1/8 அங்குலம்கூட இருக்காது. புதிதாகச் செய்கிறவர்களுக்கு அந்த அளவுக்கு இறங்கப் பயம். பயப்படாமல் இறங்குங்கள். வரைபடத்து எண்களை நம்புங்கள். ஒவ்வொரு இரண்டு அங்குலக் கோட்டிலும் அளந்துகொண்டே, முதலில் எண்கோணமாக வெட்டி, பிறகு மூலைகளை உருட்டுங்கள். உப்புத்தாளைவிடச் சுரண்டு தகடுதான் நல்லது. பழைய கைகள் அதைத்தான் பயன்படுத்தின. கோடுகளும் விளிம்புகளும் மழுங்காமல் இருக்கும்.

நிறம், எண்ணெய்

மரத்தை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டால் நார் சிலிர்த்து நிற்கும், அதைச் சுரண்டி எடுங்கள். பழைய முறை, நைட்ரிக் அமிலத்தில் இரும்பைக் கரைத்துப் பூசுவது. அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது. ஃபெரிக் நைட்ரேட் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசினாலும் அதே நிறம் வருகிறது. கையுறை, கண்ணாடி, திறந்தவெளி மூன்றும் கட்டாயம். பூசியதும் மரம் அழுக்குப் பச்சையாகத் தெரியும். பயப்பட வேண்டாம். காய்ந்த பிறகு வெப்பத் துப்பாக்கியை (சூடான காற்றை ஊதும் மின்கருவி) ஓட்டினால் பச்சை மறைந்து செம்பழுப்பு எழும்பும், வரிகள் துலங்கும். கருகவிடாமல் கையை நகர்த்திக்கொண்டே இருங்கள். பிறகு சோடா நீரால் துடைத்து அமிலத்தை அடக்குங்கள். எல்லாவற்றையும் முதலில் அதே பலகையின் துண்டில் செய்து பாருங்கள், ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி நிறம் வாங்கும்.

மேலே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய், மெல்லிய பூச்சுகளாக, ஒன்று நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போட்டு விறைத்த பிறகு வீசுங்கள்.

பெயர் பொறித்தல்

மரத்தில் குழலை நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன், குழலின் அடிமுகத்தில் உங்கள் பெயரையும் ஆண்டையும் ஆழமாகக் குத்துங்கள். பித்தளைப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கமும் ஒரு முறை. அசலின் மேல்முகத்தில் தேய்ந்துபோன கையெழுத்து இருந்தால் அதை நகலில் பொறிக்காதீர்கள். ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஒருவர் கையில் அது போகும்போது, பழைய லங்காஸ்டர் கொல்லரின் வேலை என்று சொல்லி விற்க வழி இருக்கக் கூடாது. இதில் நான் கறாராக இருக்கிறேன். அந்தப் பழைய கையெழுத்து அவருடையது.

மாட்டுவதும் வைத்துக்கொள்வதும்

அமெரிக்க மத்திய சட்டப்படி 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கி பழம்பொருள். மாநில விதிகள் வேறுபடும், அசலை வைத்திருப்பவர் தன் மாநிலத்து விதியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். திடக்குழல் நகல் துப்பாக்கியே இல்லை. ஆனால் தெருவில் பார்க்கிறவருக்கு அது துப்பாக்கிதான். காரில் கொண்டுபோனால் உறைக்குள் போட்டு மூடி வையுங்கள். விமானத்தில் கைப்பையோடு எடுத்துப்போக முடியாது, சரக்கில்தான் போட வேண்டும். ஓரகனில் இருக்கும் கொழுந்தியாளுக்கு அப்படித்தான் போனது.

எடைக்காக, சுவர்ப்பலகையில் மட்டும் ஆணி அடிக்காமல் உள்ளே நிற்கும் மரச்சட்டத்தைத் தேடித் திருகுங்கள். இரண்டு கொக்கிகளிலும் தோல் சுற்றுங்கள். கணப்படுப்புக்கு மேலே மாட்டுவது இந்த ஊரில் பழைய வழக்கம், ஆனால் அந்த அனலில் மரம் சுருங்கிப் பித்தளை எழும்பி நிற்கும். வெயில் படாத உள்சுவர் நல்லது. வருஷத்துக்கு ஒரு முறை இரும்புக்கு மெழுகு தடவித் துடைத்தால் போதும். பித்தளையை இங்கேயும் மினுக்க வேண்டாம்.